அச்சடிப்பு எண்ணிக்கையை மட்டும் நம்பிப் பழைய நாணயம் வாங்குவோர் செய்யும் தவறுகள்

பழைய நாணயம் ஒன்று கைக்கு வந்ததும், அந்த ஆண்டில் அந்த வகையில் எத்தனை அச்சடித்தார்கள் என்பதைத்தான் பலரும் முதலில் தேடுகிறார்கள். தேடுவதில் தவறில்லை. ஆனால் நாணயச்சாலையின் கணக்கேடு, அச்சிலிருந்து வெளிவந்தவற்றின் எண்ணிக்கையை மட்டுமே சொல்கிறது. அவற்றில் எத்தனை உருக்கப்பட்டன, எத்தனை புழங்கித் தேய்ந்தன, எத்தனை பெட்டகத்திலேயே புத்தம் புதிதாகக் கிடந்தன என்பது அதில் இருக்காது. சேகரிப்பாளர் விலை கொடுப்பதோ இன்று எஞ்சியிருக்கும் நாணயத்துக்கு.

அச்சடித்ததையும் எஞ்சியதையும் ஒன்றாக எண்ணுவதே முதல் தவறு. மற்றவற்றைவிடப் பெரிய தவறும் இதுவே. 1933ஆம் ஆண்டிட்ட அமெரிக்க 20 டாலர் தங்க நாணயம் 4,45,500 அச்சடிக்கப்பட்டது. எண்ணை மட்டும் பார்த்தால் அதை அரிதென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தங்க நாணயப் புழக்கத்தை அரசு நிறுத்தியதால் அவை வெளியிடப்படாமல் ஏறத்தாழ முழுவதும் உருக்கப்பட்டன. தப்பிய சில இன்று உலகின் மிக அரிய நாணயங்களுள் அடங்கும். இதற்கு நேர்மாறானது 1950இல் டென்வர் நாணயச்சாலை அச்சடித்த ஐந்து சென்ட். 26,30,030 என்ற அதன் எண்ணிக்கை அந்த வரிசையிலேயே குறைவானது என்று தெரிந்தவுடன் மக்கள் காகிதத்தில் சுற்றிய நாணயச் சுருள்களாக வாங்கிப் பதுக்கினார்கள். அதனால் இன்றும் அது நல்ல நிலையில் எளிதாகக் கிடைக்கிறது. எண்ணிக்கை குறைவு என்ற செய்தியே அதை அரிதாகவிடாமல் செய்துவிட்டது.

அரசுப் பெட்டகங்களையும் மறக்கலாகாது. 1903இல் நியூ ஆர்லியன்சில் அச்சடிக்கப்பட்ட வெள்ளி டாலர், புழங்காத நிலையில் கிடைப்பதே அபூர்வம் என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. 1962இல் அமெரிக்கக் கருவூலத்திலிருந்து அவை மூட்டை மூட்டையாக வெளிவந்தபோது அந்த நம்பிக்கையும், அதை நம்பிக் கொடுத்த விலையும் ஒருசேரச் சரிந்தன. கார்சன் சிட்டியில் 1884இல் அச்சடிக்கப்பட்ட 11,36,000 வெள்ளி டாலர்களில் ஏறத்தாழ 9,60,000 அரசின் கையிருப்பிலேயே இருந்து, 1970களில் விற்பனைக்கு வந்தன. அச்சடித்தவற்றில் பத்தில் எட்டுக்கு மேல் புழங்காமலேயே பிழைத்தது நாணய வரலாற்றில் அபூர்வம்.

கணக்கேட்டின் ஆண்டும் நாணயத்தில் பொறித்த ஆண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று கொள்வது அடுத்த தவறு. 1804இல் 19,570 வெள்ளி டாலர்கள் அச்சடிக்கப்பட்டதாக அமெரிக்கப் பதிவு சொல்கிறது. ஆனால் அவை பழைய அச்சுகளைக் கொண்டு முந்தைய ஆண்டு பொறித்து அடிக்கப்பட்டவை. 1804 என்று பொறித்த டாலர்களாக இன்று அறியப்படும் பதினைந்தும் 1834இலும் அதற்குப் பிறகும் உருவானவை. இந்தியாவில் விக்டோரியா உருவம் கொண்ட 1862ஆம் ஆண்டு ரூபாய், ஆண்டு மாறாமலேயே 1874 வரை அச்சடிக்கப்பட்டது. எனவே அதன் மொத்த எண்ணிக்கையை ஓராண்டு அச்சடிப்பாகப் படித்தால் கணக்கு தவறிவிடும். ஆஸ்திரிய அரசி மரியா தெரசாவின் உருவம் கொண்ட தாலர் என்ற வெள்ளி நாணயமோ, 1780 என்ற ஆண்டைத் தாங்கியபடியே அந்த அரசி மறைந்து நெடுங்காலம் கழித்தும் பல நாட்டு நாணயச்சாலைகளில் அச்சாகிக்கொண்டே வந்தது.

பழமையே மதிப்பு என்ற எண்ணமும் இதனோடு சேர்ந்து வருகிறது. நான்காம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக் காசுகள் மண்ணிலிருந்து பெருந்தொகையாகக் கிடைப்பதால், பதினாறு நூற்றாண்டு கடந்தும் அவற்றுள் பல மலிவானவை. மறுபுறம், தேடுவோர் இல்லாவிட்டால் அரிய காசும் மலிவாகவே கிடக்கும். நாணயத்தின் நிலையும் அரிமையை மாற்றும். 1909இல் சான்பிரான்சிஸ்கோவில், வடித்தவரின் பெயரெழுத்துகளுடன் அச்சடிக்கப்பட்ட லிங்கன் சென்ட் 4,84,000. 1914இன் டென்வர் சென்ட் அதைப்போல இரு மடங்குக்கும் மேல். ஆயினும் புழங்காத நிலையில் இரண்டாவதுதான் அரிது. முதலாவது புதுவடிவம் என்பதால் மக்கள் எடுத்து வைத்தார்கள். இரண்டாவதை யாரும் பொருட்படுத்தாமல் செலவழித்தார்கள். ஆகவே எத்தனை எஞ்சின என்பதோடு, எந்த நிலையில் எஞ்சின என்றும் கேட்க வேண்டும்.

அதே 1909 சென்ட்டே நாணயச்சாலைக் குறியைக் கவனியாமல் விடுவதன் விளைவையும் காட்டுகிறது. அதே பெயரெழுத்துகளுடன், குறியில்லாமல் பிலடெல்பியாவில் அச்சடிக்கப்பட்டது ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம். சான்பிரான்சிஸ்கோவைக் காட்டும் ஒற்றை எழுத்து ஆண்டுக்குக் கீழே இருந்தால்தான் அது அந்த 4,84,000இல் ஒன்று. அந்த எழுத்தைப் பின்னர் ஒட்டி ஏமாற்றுவோரும் உண்டு என்பதால், எழுத்தின் விளிம்பை உருப்பெருக்கியில் பார்க்காமல் வாங்கவே கூடாது.

நாணயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதைப்போல என்னை வருத்தும் தவறு வேறில்லை. அச்சின் அழுத்தத்தில் உலோகம் விளிம்பை நோக்கிப் பரவும்போது மேற்பரப்பில் நுண்ணிய கோடுகள் உண்டாகின்றன. நாணயத்தைச் சாய்த்துத் திருப்பினால் ஒளி சக்கரம்போலச் சுழல்வது அவற்றால்தான். பற்பசையோ எலுமிச்சைச் சாறோ உலோக பாலிஷோ அவற்றை ஒரே நாளில் அழித்துவிடும். பிறகு எவராலும் திரும்ப உண்டாக்க முடியாது. கருமை படிந்த வெள்ளி நாணயத்தை அப்படியே விட்டுவிடுவதே நல்லது. பிவிசி கலந்த மென்மையான பிளாஸ்டிக் உறைகளும் காலப்போக்கில் செம்பில் பச்சைப் பிசுபிசுப்பைப் படியவைக்கும்.

பிழை நாணயம் என்ற பெயரில் விற்கப்படுபவற்றுள் பல, வெளியே வந்தபின் அடிபட்டோ மாற்றப்பட்டோ ஆனவையே. போருக்காகச் செம்பைச் சேமிக்க 1943இல் அமெரிக்க சென்ட்டைத் துத்தநாகம் பூசிய எஃகில் அச்சடித்தபோது, வெண்கலத் துண்டுகள் சில தவறுதலாக இயந்திரத்தில் சேர்ந்துவிட்டன. அவ்வாறு உண்டான செம்புநிற 1943 சென்ட் பெரும் மதிப்புடையது. அதனாலேயே எஃகு சென்ட்டுக்குச் செம்பு முலாம் பூசியும், 1948இன் எட்டைச் சுரண்டி மூன்றாக்கியும் விற்கிறார்கள். முலாம் பூசியது காந்தத்தில் ஒட்டும், எடையும் 2.7 கிராம் அளவிலேயே இருக்கும். சுரண்டியது காந்தத்தில் ஒட்டாது, 3.11 கிராம் எடையும் சரியாகவே இருக்கும். அதை மூன்றின் வடிவத்தைக் கொண்டுதான் கண்டுபிடிக்க வேண்டும்.