அகலமான சின்த் ஒலி: ஏழு ஸா அலைகளிலிருந்து ஆரம்பிப்போம்

எலக்ட்ரானிக் இசை செய்யப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு ஏக்கம் கட்டாயம் இருக்கும். கேட்கிற பாட்டில் சின்த் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சிந்தசைசர்) இரண்டு காதையும் தாண்டி விரிகிறது, நாம் செய்ததோ ஒல்லியாக நடுவில் நிற்கிறது. உடனே ஒலியை அகலமாக்கிக் காட்டும் ஸ்டீரியோ வைடனர் ஒன்றைத் தேடி மாட்டிவிடுவோம்.

நானும் மாட்டியிருக்கிறேன். ஹெட்போனில் அவ்வளவு பிரமாதமாக இருந்த ஒரு லீடை, அதாவது மெட்டை வாசிக்கிற சின்த் ஒலியை, ஒரு கல்லூரி விழாவில் ஒலிக்க விட்டேன். அந்த அரங்கின் ஸ்பீக்கர்கள் மோனோ, இடமும் வலமும் ஒன்றாகக் கலந்துதான் வரும். டிரம்ஸ் கேட்டது, பேஸ் கேட்டது. லீட் இருக்க வேண்டிய இடத்தில் தூரத்து முணுமுணுப்பு மட்டும். அதன்பிறகுதான் ஒன்று புரிந்தது: அகலத்தைக் கடைசியில் ஒட்டவைக்கக் கூடாது, ஒலி பிறக்கிற இடத்திலேயே அது இருக்க வேண்டும். அப்படி ஒரு ஒலியை இங்கே சேர்ந்து செய்வோம்.

தேவையானவை

வைட்டல் என்ற சின்த்தின் அடிப்படைப் பதிப்பு இலவசம். சர்ஜ் எக்ஸ்டி முழுவதுமே இலவசம். இரண்டில் எது இருந்தாலும் போதும். நீங்கள் ஏற்கெனவே வேறு சின்த் வைத்திருந்தால் அதிலேயே செய்யுங்கள், குமிழ்களின் பெயர்கள் பெரும்பாலும் இவைதான். ஹெட்போன் ஒன்று வேண்டும்.

1. ஒரே ஒரு ஸா அலை

எல்லா எஃபெக்ட்டையும் அணைத்துவிட்டு, சின்த்தில் ஒலி பிறக்கிற பகுதியான ஆஸிலேட்டர் ஒன்றில் ஸா அலையை வையுங்கள். ரம்பத்தின் பல் மாதிரி சாய்வாக ஏறிச் சட்டென்று விழுகிற அலை இது. அடிச்சுரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று எல்லா மேற்சுரங்களும் இதில் இருக்கின்றன. அதனால்தான் பெரிய ஒலிகளுக்கு இதை எடுக்கிறோம். வாசித்துப் பாருங்கள், வறட்சியாக இருக்கும். இருக்கட்டும்.

2. ஒன்றை ஏழாக்குவது

1996-ல் ரோலண்ட் நிறுவனம் ஜேபி-8000 என்ற சின்த்தை வெளியிட்டது. அதிலிருந்த சூப்பர்ஸா என்ற அலை, ஏழு ஸா அலைகளைச் சற்றே விலகிய சுருதியில் ஒன்றாக ஒலிக்கவிட்டது. தொண்ணூறுகளின் கடைசியில் வந்த ஐரோப்பிய டிரான்ஸ் இசையின் முகமே அந்த ஒலிதான் என்பேன். இன்று அதே வேலையை யூனிசன் என்ற குமிழ் செய்கிறது. அதில் 7 வாய்ஸ், அதாவது அதே அலையின் ஏழு பிரதிகள், வையுங்கள். ஒற்றைப்படை எண்ணாக இருந்தால் ஒரு வாய்ஸ் நடுவில், சரியான சுருதியில் நிற்கும்.

அப்புறம் வாய்ஸ்களின் சுருதியை விலக்குகிற டீட்யூன் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய், மெதுவாக ஏற்றுங்கள். இந்த இடத்தில் அவசரம் வேண்டாம், பத்து நிமிடம் செலவழித்தாலும் தகும்.

தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு தந்திகள் ஏறக்குறைய ஒன்றாக, ஆனால் முழுதும் சேராமல் இருக்கும்போது ஒலி அலைந்து அலைந்து வரும். சேரச் சேர அந்த அலைவு மெதுவாகி நின்றுபோகும். சுருதி சேர்ப்பவர் போக்க நினைக்கிற அதே அலைவுதான் நமக்கு இங்கே மூலதனம்.

கணக்கும் எளிதுதான். ஒரு அரைச்சுரத்தை நூறாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு சென்ட். 440 ஹெர்ட்ஸில் ஒரு வாய்ஸ், அதற்கு 10 சென்ட் மேலே 442.5 ஹெர்ட்ஸில் இன்னொன்று என்றால், நொடிக்கு இரண்டரை முறை ஒலி எழுந்து தாழும். ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே போனால் இந்த வேகம் பாதியாகும், மேலே போனால் இரட்டிக்கும். அதனால் கீழ்ச்சுரத்தில் சோம்பலாகக் கேட்கிற அதே டீட்யூன் உச்சச்சுரத்தில் படபடக்கும். நீங்கள் எந்த உயரத்தில் வாசிக்கப்போகிறீர்களோ அங்கேயே வாசித்தபடி குமிழைத் திருகுங்கள். சுருதி விலகிவிட்டது என்று காது சொல்லும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள்.

3. இடமும் வலமும்

இப்போது ஸ்டீரியோ ஸ்பிரெட்டை முழுக்க ஏற்றுங்கள். ஏழு வாய்ஸும் இடம், நடு, வலம் என்று பிரிந்து நிற்கும். இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போனால் அது தலைக்கு நடுவில்தான் கேட்கும், எவ்வளவு சத்தம் வைத்தாலும். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால்தான் விரியும்.

ஃபேஸ் ரேண்டம் என்ற அமைப்பும் முழுதாக இருக்கட்டும். எல்லா வாய்ஸும் ஒரே புள்ளியில் புறப்பட்டால் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் "வ்ஷ்ஷ்" என்று ஒரு வழுக்கல் கேட்கும்.

ஒன்று கவனியுங்கள். வாய்ஸ் கூடும்போது ஒலியளவும் கூடலாம். சத்தமாக இருப்பது எல்லாமே காதுக்கு நல்லதாகத் தெரியும். ஒலியளவைச் சமமாக்கிவிட்டு, முந்தையதோடு ஒப்பிட்டுக் கேளுங்கள்.

4. சுரங்களைப் பரப்புவது

பிரம்மாண்டத்தில் பாதி சின்த்தில் இல்லை, வாசிக்கிற கார்டில், அதாவது ஒன்றாக ஒலிக்கிற சுரங்களின் கூட்டில், இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் ஏ, சி, இ என்று மூன்று சுரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஏ மைனர் வாசிப்பார்கள். அதைப் பரப்பிப் பாருங்கள்: கீழே ஏ2, இ3, நடுவில் ஏ3, சி4, இ4, உச்சியில் பி4. (எண் எந்த ஆக்டேவ் என்பதைச் சொல்கிறது. சில சாஃப்ட்வேரில் இந்த எண்கள் ஒன்று கூடக் குறைய இருக்கும். கணினித்திரை கீபோர்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

கீழே இடைவெளி அகலம், நடுவில் நெருக்கம், உச்சியில் பி4 மட்டும் சற்றுத் தள்ளி. ஏ2-க்குப் பக்கத்தில் சி3 வைத்தால் ஏழு வாய்ஸ் சேர்ந்து குழம்பிப்போகும். உச்சியில் இருக்கும் அந்த பி4-ஐ எடுத்துவிட்டு ஒருமுறை, சேர்த்து ஒருமுறை கேளுங்கள். எஃபெக்ட் எதுவும் போடாமலே வானம் திறக்கிற மாதிரி இருக்கும். எனக்கு இந்தச் செய்முறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

5. நடுவில் ஒரு தூண்

எல்லாமே அகலமாக இருந்தால் எதுவும் பெரிதாகத் தெரியாது. தனி டிராக் ஒன்றில் சைன் அலையை எடுத்து, ஒரே வாய்ஸில், நடுவில், கார்டின் மூலச்சுரத்தை மட்டும் வாசியுங்கள். ஏ மைனருக்கு அது ஏ1, அதாவது 55 ஹெர்ட்ஸ்.

பேஸுக்கு யூனிசன் வேண்டாம் என்பதற்குக் காரணம் மேலே பார்த்த அதே கணக்குதான். 55 ஹெர்ட்ஸில் 10 சென்ட் விலகினால் மூன்று நொடிக்கு ஒருமுறை பேஸ் அமுங்கி எழும். கிக் டிரம் விழுகிற நேரத்தில் அமுங்கினால் பாட்டே தளர்ந்துவிடும்.

அகலமான டிராக்கில் ஈக்யூ (ஒலியின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர்) போட்டு 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். தனியாகக் கேட்டால் மெலிந்த மாதிரி இருக்கும். பேஸோடு சேர்த்துக் கேட்டு முடிவெடுங்கள்.

6. ஃபில்டர், கோரஸ், ரிவெர்ப்

உச்ச ஒலிகளை வெட்டுகிற லோ-பாஸ் ஃபில்டரைக் காதை உறுத்தாத அளவுக்கு இறக்குங்கள். அட்டாக் (ஒலி எழும் நேரம்) 5 மில்லிசெகண்ட், ரிலீஸ் (விட்டபின் அடங்கும் நேரம்) 300 மில்லிசெகண்ட். தொடங்குவதற்கு இவ்வளவு போதும்.

ஒலியின் லேசாக அலைகிற நகலைச் சேர்க்கும் எஃபெக்ட்டான கோரஸ் கொஞ்சமாக. 1982-ல் வந்த ரோலண்டின் ஜூனோ-60 சின்த்தில் வாசிக்கிற ஒரு சுரத்துக்கு ஒரே ஆஸிலேட்டர்தான். அதற்கு அத்தனை அகலம் தந்தது உள்ளே இருந்த ஸ்டீரியோ கோரஸ். நம்மிடம் ஏற்கெனவே ஏழு வாய்ஸ் இருப்பதால், அதிகம் போட்டால் கலங்கிவிடும்.

அரங்கின் எதிரொலியைச் சேர்க்கும் ரிவெர்பில் ப்ரீ-டிலே (எதிரொலி தொடங்குமுன் உள்ள தாமதம்) 20 மில்லிசெகண்ட் வையுங்கள். முதலில் சின்த் தெளிவாக அடிக்கும், அப்புறம் அரங்கம் பதில் சொல்லும். ரிவெர்பின் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள்.

7. மோனோ சோதனை

இதை மட்டும் தவிர்க்காதீர்கள். இசை மென்பொருள் ரீப்பரில் மாஸ்டர் டிராக்கிலேயே மோனோ பட்டன் இருக்கிறது. இன்னொரு மென்பொருளான ஏபிள்டனில் யூட்டிலிட்டி என்ற கருவியில் மோனோவை அழுத்துங்கள். ஒலி குறுகும், அது இயல்பு. ஆனால் மெலிந்து காணாமல் போகக் கூடாது. யூனிசனில் வந்த அகலம் இங்கே தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் இடமும் வலமும் சேரும்போது ஏழு வாய்ஸும் ஓரிடத்தில் கூடுகின்றன, அவ்வளவுதான்.

ஒரு பக்கத்தை மட்டும் 10 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தி அகலம் காட்டுகிற வித்தையில் கதை வேறு. மோனோவில் சேரும்போது 50, 150, 250, 350 ஹெர்ட்ஸ் என்று 100 ஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளம் விழுந்துகொண்டே போகும். ஒரு பக்கத்தின் அலையைத் தலைகீழாகப் புரட்டினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, மிச்சம் எதுவும் இருக்காது. என் லீடுக்கு அந்த விழாவில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான்.

மோனோவில் உங்கள் ஒலி மெலிந்தால் எஃபெக்ட்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வாருங்கள். எதை அணைத்ததும் ஒலி திரும்பி வருகிறதோ, குற்றவாளி அது. அதைக் குறைத்துவிட்டு, ஒற்றை ஸ்பீக்கர் உள்ள புளூடூத் பெட்டி ஒன்றில் ஒருமுறை கேட்டுவிட்டு சேமியுங்கள்.