நலவாரிய அட்டைக்கு ஒரு நாள் கூலியை விட்டாலும் பரவாயில்லை

"என்கிட்டதான் கார்டு இருக்கே" என்று சித்தாள் வேலைக்குப் போகும் பக்கத்துவீட்டு அக்கா எடுத்து நீட்டியது இ-ஷ்ரம் அட்டை. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு அமைப்புசாரா தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய பதிவு அது, 12 இலக்க எண் தருவார்கள், இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் தமிழ்நாட்டில் பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், பிரசவம், விபத்து, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் என்று கேட்டு வாங்க வேண்டியது மாநில அரசின் தொழிலாளர் நலவாரியத்தில். அதற்குத் தனியாகப் பதிய வேண்டும்.

18 முதல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், பெயின்டர் எல்லாருக்கும் கட்டுமான வாரியம். தையல், ஆட்டோ, சலவை, வீட்டுவேலை இவற்றுக்குத் தனித்தனி வாரியங்கள். இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று கூச்சப்பட வேண்டாம், கட்டடச் செலவில் 1 சதவீதம் நல வரியாகக் கட்டுமான வாரியத்துக்குத்தான் போகிறது, அதாவது நீங்கள் சுமந்த செங்கல்லில் வந்த காசு.

ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், வயதுச் சான்று, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் இருக்கும் செல் நம்பர் உங்கள் கையில் இருக்கும் நம்பர்தானா என்று பாருங்கள், ஓடிபி அதற்குத்தான் வரும். ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் வேறு இனிஷியல் என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் பின்னால் பணம் வரும்போது இழுக்கும்.

இழுபறியே பணிச்சான்றில்தான், அதாவது நீங்கள் இந்த வேலை செய்பவர்தான் என்று காட்டும் சான்று. பெரும்பாலும் விஏஓ கையெழுத்துப் போட வேண்டும், அவரோ நீங்கள் போகும் நேரத்தில் சீட்டில் இருக்க மாட்டார். காலையிலேயே போங்கள், உங்களை வேலையில் பார்த்த மேஸ்திரியையும் கூட்டிப்போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

அப்புறம் வாரியத்தின் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பியுங்கள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. எங்கள் தெருவில் ஒரு புரோக்கர் ஆளுக்கு ஆயிரம் வாங்கிக்கொண்டு காணாமல் போனான், அதனால் சொல்கிறேன். விண்ணப்ப எண்ணைக் குறித்து வையுங்கள், தாமதமானால் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில், சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில், அந்த எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.

அட்டை வந்ததும் பீரோவில் வைத்து மறந்துவிடாதீர்கள். 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு உதவிக்கும் தனி விண்ணப்பம், ஓய்வூதியம்கூட 60 ஆனதும் தானாக வராது. வாரிசுதாரராக யார் பெயரைக் கொடுத்தீர்களோ அவரிடம் அட்டை இருக்கும் இடத்தை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.