ஈஆர்பிநெக்ஸ்ட் பில் பக்கத்தில் சொந்தப் பட்டன் சேர்ப்பது எப்படி

கணக்கு, பில் வேலைகளுக்கான மென்பொருளான ஈஆர்பிநெக்ஸ்டில் ஒரு சேல்ஸ் இன்வாய்ஸை, அதாவது விற்பனைப் பில்லைத் திறந்தால் மேலே வலப்பக்கம் ஒரு பட்டன் வரிசை தெரியும். அதில் சொந்தமாக ஒரு பட்டன் வைக்கத் தனி ஆப் வேண்டாம், சர்வருக்குள் போகவும் வேண்டாம். பிரவுசரில் ஓடும் சிறு நிரலை எழுதிவைக்கும் கிளையன்ட் ஸ்கிரிப்ட் என்ற பதிவு ஒன்று போதும், பத்துப் பதினைந்து வரிதான். வைத்த பட்டன் காணாமல் போவது, அழுத்தினால் பிழை வருவது, இவைதான் அரை நாளைத் தின்றுவிடும். அதனால் எந்த வரி ஏன் அங்கே இருக்கிறது என்பதைப் பார்த்தபடியே போவோம். நிரல் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். ஸ்கிரிப்ட் பெட்டியில் அவற்றைச் சிறிய ஆங்கில எழுத்தில் அடியுங்கள். சேல்ஸ் இன்வாய்ஸ், கிரியேட், அப்டேட் என்ற சொற்களுக்கு மட்டும் முதல் எழுத்து பெரியதாக இருக்க வேண்டும்.

எடுத்துக்கொண்ட வேலை இது: கடன் பில்லுக்குப் பார்ட்டி என்றைக்குப் பணம் தருவதாகச் சொன்னார் என்று குறிக்க, 'வசூல் தேதி' என்று ஒரு பட்டன்.

முதலில் அந்தத் தேதி உட்கார இடம் வேண்டும். கஸ்டமைஸ் ஃபார்ம் என்ற பக்கத்தில் சேல்ஸ் இன்வாய்ஸைத் தேர்ந்து, டேட் வகையில் ஒரு ஃபீல்டு சேருங்கள். லேபிளை ஆங்கிலத்திலேயே 'பிராமிஸ் டேட்' என்று வையுங்கள், ஃபீல்டின் உட்பெயர் அதிலிருந்துதான் பிறக்கிறது. திரையில் தமிழ் வேண்டுமென்றால் டிரான்ஸ்லேஷன் பதிவில் போட்டுக்கொள்ளலாம். 15-ஆம் பதிப்பு முதல் உட்பெயருக்கு முன்னால் 'கஸ்டம்_' என்று ஒட்டிக்கொள்ளும். ஸ்கிரிப்டில் அந்த முழுப் பெயரைத்தான் எழுத வேண்டும். அதே ஃபீல்டில் 'அலவ் ஆன் சப்மிட்' டிக் அவசியம். பில் ஏற்கெனவே சப்மிட் ஆனது, அதாவது இறுதி செய்யப்பட்டது; இந்த டிக் இல்லாவிட்டால் சேமிக்கும்போது, சப்மிட்டுக்குப் பிறகு மாற்ற முடியாது என்று சிவப்பு எச்சரிக்கை வந்து நிற்கும்.

இனி கிளையன்ட் ஸ்கிரிப்ட். புதிய பதிவு திறந்து, ஆவண வகையைக் கேட்கும் டாக்டைப்பில் சேல்ஸ் இன்வாய்ஸ், அப்ளை டுவில் ஃபார்ம் என்று கொடுத்து, எனேபிள்டு டிக்கைப் போடுங்கள். அந்த டிக்கை மறந்துவிட்டு நிரலில் பிழை தேடுகிறவர்கள் ஏராளம்.

பட்டனைச் சேர்க்கும் வரி, பக்கம் வரையப்படும் ஒவ்வொரு முறையும் ஓடும் ரிஃப்ரெஷ் நிகழ்வுக்குள்தான் இருக்க வேண்டும். ஆவணம் ஏறும்போது ஓடும் ஆன்லோட் நிகழ்வில் வைத்தால் பட்டன் தெரியாது: ஆன்லோட் முதலில் ஓடுகிறது, பிறகு பக்கத் தலைப்பு வரையப்படும்போது பழைய தனிப் பட்டன்கள் எல்லாம் துடைக்கப்படுகின்றன, ரிஃப்ரெஷ் அதற்குப் பிறகு வருகிறது. ஒவ்வொரு ரிஃப்ரெஷிலும் துடைத்துவிட்டு மறுபடி சேர்ப்பதால் ஒரே பட்டன் இரண்டு மூன்றாகப் பெருகாது.

ரிஃப்ரெஷுக்குள் முதல் வரி நிபந்தனை. ஆவணத்தின் நிலையைச் சொல்லும் டாக்ஸ்டேட்டஸ் 1 ஆகவும், பாக்கித் தொகையான அவுட்ஸ்டாண்டிங்_அமவுன்ட் பூஜ்யத்துக்கு மேலாகவும் இல்லையென்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். டாக்ஸ்டேட்டஸில் 0 என்றால் டிராஃப்ட், 1 சப்மிட் ஆனது, 2 கேன்சல் ஆனது. கேன்சல் ஆன பில்லில் 'வசூல் தேதி' நிற்பதைப் பார்த்தால் கணக்குப் பிள்ளை சிரிப்பார்.

அடுத்து எஃப்ஆர்எம்.ஆட்_கஸ்டம்_பட்டன். எஃப்ஆர்எம் என்பது திறந்திருக்கும் பில் பக்கம். அடைப்புக்குறிக்குள் முதலில் பட்டன் பெயர், இரண்டாவதாக அழுத்தினால் ஓட வேண்டிய செயல்பாடு. மூன்றாவதாக ஒரு குழுப் பெயர் கொடுத்தால் பட்டன் அந்தக் கீழ்விரி பட்டியலுக்குள் போய்விடும். ஏற்கெனவே இருக்கும் 'கிரியேட்' குழுவிலேயே சேர்க்க நினைத்தால் அந்தச் சொல்லை வெறுமனே எழுதாமல், இரட்டை அடிக்கோடு என்கிற மொழிபெயர்ப்புச் செயல்பாட்டுக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் ஆங்கிலத் திரையில் சரியாக இருக்கும். தமிழ்த் திரை வைத்திருப்பவருக்கு மட்டும் தமிழில் ஒரு பட்டியல், ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் என்று இரண்டு தெரியும்.

செயல்பாட்டுக்குள் ஃப்ராப்பே.பிராம்ட் போதும். ஃப்ராப்பே என்பது ஈஆர்பிநெக்ஸ்டுக்கு அடித்தளமான மென்பொருள். ஒரு டேட் ஃபீல்டை, கட்டாயம் என்ற குறியோடு, அதற்குக் கொடுத்தால் சின்னப் பெட்டி ஒன்று திறந்து தேதி கேட்கும். கிடைத்த தேதியை எஃப்ஆர்எம்.செட்_வேல்யூவால் ஃபீல்டில் போட்டு, அது முடிந்த பிறகு, அதாவது முந்தைய வேலை முடிந்ததும் ஓடும் அதன் 'தென்' பகுதிக்குள், எஃப்ஆர்எம்.சேவ் அழையுங்கள். சேவுக்கு 'அப்டேட்' என்ற சொல்லைக் கொடுப்பது முக்கியம். சப்மிட் ஆன ஆவணத்தைச் சேமிக்கும் வழி அதுதான்.

ஸ்கிரிப்டைச் சேமித்ததும் பில் பக்கத்தைக் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் சேர்த்து அழுத்தி மறுபடி ஏற்றுங்கள். பழைய ஸ்கிரிப்ட் பிரவுசரில் தங்கியிருக்கும். போனில் பார்த்துவிட்டு "பட்டனே வரவில்லை" என்று யாராவது சொன்னால் மூன்று புள்ளி மெனுவைத் திறக்கச் சொல்லுங்கள். சிறிய திரையில் தனிப் பட்டன்கள் அங்கேதான் ஒதுங்கும்.

இதே வேலையைச் சர்வர் பக்கம் ஒரு பைத்தான் செயல்பாடு எழுதி ஃப்ராப்பே.கால் மூலம் செய்தால் இன்னும் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பயனர் எதையோ திருத்திவிட்டுச் சேமிக்காமலே பட்டனை அழுத்தினால் சர்வருக்குத் தெரிவது டேட்டாபேஸில் இருக்கும் பழைய விவரம்தான். ஆகவே எஃப்ஆர்எம்.இஸ்_டர்ட்டி உண்மை என்றால் முதலில் சேமிக்கச் சொல்லி நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் எஃப்ஆர்எம்.ரீலோட்_டாக் கட்டாயம். இல்லையென்றால் திரையில் இருப்பது பழைய பிரதி. அடுத்த சேவில், நீங்கள் திறந்த பிறகு ஆவணம் மாறிவிட்டது என்ற பிழை வரும். மூன்றாவது, அனுமதி. பட்டனை மறைப்பது பாதுகாப்பு ஆகாது. ஒயிட்லிஸ்ட் செய்த, அதாவது பிரவுசரிலிருந்து அழைக்கத் திறந்துவிட்ட செயல்பாட்டை லாகின் உள்ள யாரும் பிரவுசர் கன்சோலிலிருந்து அழைக்கலாம். பைத்தானில் கெட்_டாக் அனுமதி பார்ப்பதில்லை, டிபி.செட்_வேல்யூவும் பார்ப்பதில்லை. ஆவணத்தை எடுத்த உடனே செக்_பெர்மிஷன் 'ரைட்' என்று ஒரு வரி போடுங்கள். நெட் மெதுவாக இருக்கும் இடங்களில் இரண்டு தடவை அழுத்திவிடுவார்கள், ஃப்ராப்பே.காலில் ஃப்ரீஸ் என்பதை ட்ரூ ஆக்கினால் பதில் வரும்வரை திரை பூட்டியிருக்கும்.

பில் பட்டியல் பக்கத்திலும் பட்டன் வேண்டுமென்றால் தனியாக இன்னொரு கிளையன்ட் ஸ்கிரிப்ட், அப்ளை டுவில் லிஸ்ட். இங்கே ஃப்ராப்பே.லிஸ்ட்வியூ_செட்டிங்ஸில் சேல்ஸ் இன்வாய்ஸுக்கு உரியதை முழுதாக மாற்றி எழுதிவிடாதீர்கள். அன்பெய்டு, ஓவர்டியூ என்ற நிறக் குறிகளை வரையும் செயல்பாடு அதற்குள்தான் இருக்கிறது, அதுவும் சேர்ந்து போய்விடும். பழைய ஆன்லோடை ஒரு மாறியில் எடுத்து வைத்து, புதிய ஆன்லோடுக்குள் முதலில் அதை ஓட்டி, பிறகு உங்கள் வரியைச் சேருங்கள். எப்போதும் தெரிய வேண்டிய பட்டனுக்கு லிஸ்ட்வியூ.பேஜ்.ஆட்_இன்னர்_பட்டன். டிக் செய்த பில்களுக்கு மட்டும் என்றால் ஆட்_ஆக்ஷன்_ஐட்டம். இது ஆக்ஷன்ஸ் பட்டியலுக்குள் இருப்பதால் ஒரு வரியாவது டிக் ஆகும்வரை கண்ணில் படாது. டிக் ஆன பில் எண்களை எடுக்க கெட்_செக்டு_ஐட்டம்ஸுக்கு ட்ரூ கொடுங்கள்.