எஸ்விஎன்ல டேக் போட முழுசா செக்அவுட் வேணாம்
சப்வெர்ஷன்ல (அதான் எஸ்விஎன், கோட் மாற்றங்களைப் பதிவு பண்ணி வைக்கிற சாஃப்ட்வேர்) ஒரு டேக் (அந்த நேரத்து கோடுக்குப் பேர் வச்ச நகல்) போடுறதுக்காக மொத்த ப்ராஜெக்ட்டையும் செக்அவுட் பண்ணி (தன் மெஷினுக்கு இறக்கி) உக்காந்திருக்கவங்க இன்னும் இருக்காங்க, தேவையே இல்லைங்க, எஸ்விஎன் காப்பி கமாண்டுக்கு ட்ரங்க் (மெயின் கோட் இருக்கிற ஃபோல்டர்) யூஆர்எல், டேக் யூஆர்எல் ரெண்டையும் குடுத்து மெசேஜோட ஓட்டுங்க, சர்வர்லயே முடிஞ்சிடும், ப்ராஜெக்ட் எவ்ளோ பெருசா இருந்தாலும் ஒரு நொடி வேலைதான், ஏன்னா ஃபைலை நிஜமா காப்பி பண்ணாது, பழசையே சுட்டிக்காட்டும். ஃபோல்டர் உருவாக்க, நகர்த்த, அழிக்க எல்லாத்துக்கும் இதே மாதிரி அதுக்கான கமாண்டுக்கு யூஆர்எல் குடுத்தா போதும். ஆனா உடனே கமிட் ஆயிடும் (சர்வர்ல பதிவாயிடும்), அதனால பாதையை ரெண்டு தடவ பாத்துக்கோங்க. எவனாவது ஃபைலை அழிச்சிட்டானா (அழிப்பான்!) யூஆர்எல் கடைசில @ போட்டு அழிக்கிறதுக்கு முந்தின ரிவிஷன் நம்பரக் (ஒவ்வொரு கமிட்டுக்கும் விழுற நம்பர்) குடுத்து பழைய இடத்துக்கே காப்பி பண்ணா ஹிஸ்டரியோட வந்துடும். கமாண்ட் அலர்ஜின்னா டார்டாய்ஸ் எஸ்விஎன்ல (விண்டோஸ்ல மவுஸாலயே எஸ்விஎன் ஓட்டுற சாஃப்ட்வேர்) ரெப்போ ப்ரௌசர் இருக்கு, அதுலயே இதெல்லாம் பண்ணிக்கலாம்.