டிராக் சா: வயரா, பேட்டரியா? வேலையிடத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

எட்டடி பிளைவுட்டை டிராக் சாவால், அதாவது பலகை மேல் வைத்த நேரான ரெயிலைப் பிடித்து ஓடும் வட்ட ரம்பத்தால், நீளவாக்கில் அறுத்துக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி தூரம் சீராகப் போன ரம்பம் திடீரென்று இழுத்துப் பிடித்தது. திரும்பிப் பார்த்தால், தூசு உறிஞ்சும் வேக்கம் குழாய் ரெயிலின் பின்முனையில் மாட்டிக்கொண்டிருந்தது. நின்றது அரை நொடிதான். அதற்குள் அந்த இடத்தில் மரம் கருகி, வெட்டும் கால் நூல் விலகிவிட்டது. அது பேட்டரியில் ஓடும் ரம்பம். இனிமேல் வயர் காலைச் சுற்றாது என்று நம்பி வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

டிராக் சா வாங்கும் பலரும் செய்யும் முதல் தவறு இதுதான். வயரைப் பற்றி மட்டும் யோசிக்கிறார்கள், குழாயை மறந்துவிடுகிறார்கள். மின்வயர் சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. வேக்கம் குழாய் அதைவிடப் பல மடங்கு தடிமன், சுலபத்தில் வளையாது, ரெயில் முனையில் மாட்டுவதும் பெரும்பாலும் அதுதான். வேக்கம் சுவர் பிளக்கில் ஓடுகிறது, அதன் குழாய் ரம்பத்தில் செருகியிருக்கிறது என்றால், ரம்பத்துக்கு மட்டும் பேட்டரி போட்டு பெரிதாக எதுவும் மிச்சமாகாது.

சரி, குழாயைக் கழற்றிவிட்டு அறுக்கலாமே என்று தோன்றும். மூடிய அறைக்குள் அது வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வெளியிட்ட அறிக்கையில், மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. மூக்கின் உட்பகுதியைத்தான் அது அதிகம் பாதிக்கிறது. மர நாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையை அறுக்கும்போது கிளம்பும் தூள் மாவு போல மென்மையானது, அதில் பசையும் கலந்திருக்கிறது. ரம்பத்தோடு வரும் துணிப்பை கொஞ்சம் பிடிக்கும், மிக நுண்ணிய தூள் அதில் தங்காது. இந்த விஷயத்தில் என் சொந்த வேலையிலும் விட்டுக்கொடுப்பதில்லை. உள்ளே அறுத்தால் வேக்கமும் முகமூடியும் கட்டாயம். துணிப்பை எல்லாம் திறந்த வெளியில் நாலைந்து வெட்டுகளுக்கு மட்டும்.

அப்படியானால் பேட்டரி ரம்பம் யாருக்கு? மின் இணைப்பே இன்னும் வராத கட்டடம், பத்து அறைகளில் அறைக்கு இரண்டு வெட்டு, மாட்டியிருக்கும் கதவின் அடியைச் சீவுவது, படிக்கட்டு, மொட்டை மாடி. இங்கெல்லாம் அதற்கு ஈடு கிடையாது. பேட்டரியில் ஓடும் சிறிய வேக்கமும் சேர்ந்துவிட்டால் உண்மையாகவே எங்கும் போகலாம். ரம்பத்தின் விசையை அழுத்தியதும் வேக்கத்தைக் கம்பியில்லாமல் இயக்கும் வசதி இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். அது இல்லையென்றால் ஒவ்வொரு வெட்டுக்கும் குனிந்து சுவிட்ச் போட வேண்டும். நாள் முழுக்க ஒரே இடத்தில் மேசை போட்டு அலமாரிக்கான பலகைகளை அறுப்பவருக்கு வயர் ரம்பமே நல்லது. வயரையும் குழாயையும் முழ நீளத்துக்கு ஒரு பட்டை போட்டு ஒன்றாகக் கட்டி, தோள் மேல் அல்லது மேலிருந்து தொங்குமாறு விட்டால் மாட்டுவது பெரிதும் குறையும்.

வோல்ட்டைப் பார்த்து ஏமாறுவது

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட வோல்ட் எண்ணை வைத்து ரம்பத்தின் பலத்தை முடிவு செய்வது அடுத்த தவறு. 20 வோல்ட் மேக்ஸ் என்பதும் 18 வோல்ட் என்பதும் ஒரே பேட்டரிதான். உள்ளே வரிசையாக 5 செல்கள். சராசரியாக ஒவ்வொன்றும் 3.6 வோல்ட், அதனால் 18. முழு சார்ஜில் இன்னும் கொஞ்சம் மேலே நிற்கும், அந்த உச்சத்தை வைத்து 20 என்று போடுகிறார்கள். இதே கணக்கில் 40 வோல்ட் மேக்ஸ் என்பது 36. இரண்டு 18 வோல்ட் பேட்டரிகளைச் சேர்த்துப் போடும் ரம்பமும் 36 வோல்ட்தான்.

பார்க்க வேண்டியது வாட்-அவர், அதாவது பேட்டரியில் சேர்ந்திருக்கும் மொத்த ஆற்றல். வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் கிடைத்துவிடும். 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 90 வாட்-அவர் இருக்கிறது. இரண்டு போட்டால் 180. வயர் டிராக் சாக்கள் பலவும் 1200 முதல் 1400 வாட் வரை எடுப்பவை. 1200 வாட் முழு பாரத்தில் விடாமல் ஓடினால் 180 வாட்-அவர் 9 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பயப்பட வேண்டாம், 18 மில்லிமீட்டர் பிளைவுட் முழு பாரத்தைக் கேட்காது, வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவே ரம்பம் சும்மாதான் இருக்கும். ஆனால் 40 மில்லிமீட்டர் கெட்டி மரத்தை நார்ப்போக்கில் அறுக்கும் வேலை என்றால் இந்தக் கணக்கு நேராக உங்கள் மேல் விழும். ஒரு சார்ஜில் இத்தனை பலகை அறுக்கலாம் என்று விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் மெல்லிய, லேசான பலகைக்கு. நீங்கள் தினமும் அறுக்கும் சரக்கை அறுத்துப் பார்ப்பதே சரியான சோதனை.

இரண்டு பேட்டரி ரம்பத்தில் ஒன்று புதியது, மற்றது தேய்ந்தது என்று போடாதீர்கள். பலவீனமானது தீர்ந்ததும் ரம்பம் நின்றுவிடும், புதியதில் பாதி மிச்சம் இருந்தாலும் பயனில்லை. கனமான வேலை முடிந்து சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜில் மாட்டுவதும் அதன் ஆயுளைக் குறைக்கும். கொஞ்சம் ஆறவிடுங்கள்.

வயர் ரம்பத்தை மெல்லிய வயரில் ஓட்டுவது

வயர் ரம்பம் வாங்கியவர் பலத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்று நினைத்தால் அதுவும் தவறு. கையில் கிடைத்த எக்ஸ்டென்ஷன் வயரை மாட்டுகிறோம் அல்லவா, அங்கேதான் பலம் போகிறது. 230 வோல்ட் இணைப்பில் 1200 வாட் ரம்பமும் 1200 வாட் வேக்கமும் ஒரே வயரில் ஓடினால் பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த வயர் 50 மீட்டர் நீளம், செம்பின் குறுக்களவு 0.75 சதுர மில்லிமீட்டர் என்றால், வழியிலேயே ஏறத்தாழ 24 வோல்ட் காணாமல் போகும். மோட்டார் திணறும், சூடேறும். அதே நீளத்தில் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 7 வோல்ட் அளவோடு நிற்கும். ரம்பத்தின் பிளக்கை வேக்கத்திலேயே செருகுபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இரண்டின் பாரமும் ஒரே வயர் மேல்தான் விழுகிறது. சுருளில் சுற்றிய வயரை முழுவதும் பிரித்துவிட்டு ஓட்டுங்கள். சுற்றியபடியே ஓட்டினால் உள்ளே சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகிவிடும்.

பிளேடும் ரப்பர் விளிம்பும்

பேட்டரி ரம்பத்தில் பலம் இல்லை என்று குறை சொன்ன பலரிடம் பிளேடைக் கழற்றிக் காட்டச் சொல்லியிருக்கிறேன். பாதிக்கு மேல் மழுங்கிய பிளேடு, அல்லது பல்லில் பிசின் அப்பிய பிளேடு. மீதியில் பல கெட்டி மரத்தை நார்ப்போக்கில் அறுக்க 48 பல் பிளேடு போட்டவை. அந்தப் பிளேடு பிளைவுட்டுக்கும் மைக்கா ஒட்டிய பலகைக்கும் அருமையாக இருக்கும், விளிம்பு பெயராது. நார்ப்போக்கில் அறுக்க 12, 14 பல் இருந்தால் போதும், தூளை வெளியே தள்ள இடம் வேண்டும்.

வெட்டு அகலமும் முக்கியம். 2.2 மில்லிமீட்டருக்குப் பதில் 1.8 மில்லிமீட்டர் பிளேடு போட்டால் அறுத்தெடுக்கும் மரம் 18 சதவீதம் குறைகிறது, பேட்டரிக்கு அது பெரிய உதவி. ஆனால் பிளேடை மட்டும் மாற்றிவிட்டு வேலையைத் தொடங்கக் கூடாது. பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பிளவுக் கத்தி, பிளேடின் உடலைவிடத் தடிமனாகவும் வெட்டு அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் மெல்லிய வெட்டுக்குள் அது சிக்கிக்கொள்ளும்.

அப்புறம் ரெயிலின் ஓரத்தில் இருக்கும் ரப்பர் விளிம்பு. வெட்டு எங்கே விழும் என்பதை அதுதான் காட்டுகிறது, மேற்பரப்பில் சிலாம்பு எழாமல் அழுத்திப் பிடிப்பதும் அதுதான். முதல் ஓட்டத்தில் உங்கள் ரம்பமும் பிளேடும் அதைத் தமக்கேற்ற அளவுக்கு வெட்டிக்கொள்ளும். ஒருமுறை அவசரத்துக்கு நண்பரின் வயர் ரம்பத்தை வாங்கி என் ரெயிலில் ஓட்டினேன். அதன் பிளேடு அரை மில்லிமீட்டர் உள்ளே ஓடி, ரப்பரைச் சீவிவிட்டது. அதன் பிறகு என் ரம்பத்தில் அறுத்த கதவுகள் எல்லாம் குறியைவிட அரை மில்லிமீட்டர் தள்ளியே வந்தன. காரணம் புரிய ஒரு முழு நாள் ஆனது. வயர் ரம்பம் ஒன்று, பேட்டரி ரம்பம் ஒன்று என வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனி ரெயில் ஒதுக்கி, பெயின்ட் தொட்டு அடையாளம் வைத்துவிடுங்கள்.

கையில் இருக்கும் பேட்டரிக்குப் பொருந்துகிறது என்பதற்காக ரம்பத்தை வாங்குவதில் தவறில்லை. அதற்கு முன் ரெயிலைப் பாருங்கள். ஃபெஸ்டூல், மகீதா ரெயில்கள் ஒன்றுக்கொன்று பெரும்பாலும் பொருந்தும். பாஷ் ரெயிலும் மாஃபெல் ரெயிலும் ஒரு குடும்பம். டிவால்ட் ரெயில் தனி வகை. 2440 மில்லிமீட்டர் பலகைக்கு அதே நீள ரெயில் போதாது, ரம்பம் ஏறவும் இறங்கவும் இடம் வேண்டும். 2.7 மீட்டராவது இருக்கட்டும். இரண்டு 1.4 மீட்டர் ரெயில்களை இணைத்தால், இணைப்புக் கம்பியை நம்பாமல் நேரான அளவுகோலை ஓரத்தில் வைத்துச் சரிபார்த்த பிறகே திருகை முடுக்குங்கள்.

வெட்டின் நடுவே பேட்டரி தீர்ந்தால்

பேட்டரி ரம்பத்துக்கே உரிய ஆபத்து இது. பாதி வெட்டில் ரம்பம் நின்றுவிடுகிறது. பேட்டரியை மாற்றி, பிளேடு மரத்துக்குள் இருக்கும்போதே விசையை அழுத்துகிறார்கள். பற்கள் மரத்தைக் கவ்வியபடி தொடங்கும்போது ரம்பம் ரெயிலை விட்டுத் துள்ளிப் பின்னால் வரும், பின்னால் நிற்பது நாம். ரம்பம் நின்றால் பிளேடு முழுவதும் மேலே வரும்படி தூக்குங்கள். பேட்டரியை மாற்றுங்கள். அறுத்த வழியிலேயே ஒரு சாண் பின்னால் வந்து, காற்றில் முழு வேகம் எடுத்த பிறகு மெதுவாக இறக்குங்கள். பலகை நடுவில் தொய்ந்து பிளேடை நெரித்ததால்கூட ரம்பம் நின்றிருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள். அடியில் ஒரு நுரைப்பலகையை முழுதாக விரித்து, பிளேடு பலகையைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டர் மட்டும் இறங்கும்படி ஆழத்தை வைத்தால் தொய்வே வராது. ரெயிலின் தடிமன் 4, 5 மில்லிமீட்டரைத் தின்றுவிடும், அளவு கோலில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிளேடை மாற்றும்போது வயர் ரம்பத்தின் பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. பேட்டரி ரம்பத்தில் பிடுங்க எதுவும் கண்ணில் படாததால் கை நேராகப் பிளேடுக்குப் போகிறது. இரண்டு பேட்டரி என்றால் இரண்டையும் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, அதன் பிறகு சாவியை எடுங்கள்.