முகம் முகமாக விழ எந்த லென்ஸ்?

சாமத்திய வீட்டில் அம்மம்மாவைக் கிட்டப் போய் அகலமாகக் காட்டும் 18 மி.மீ. லென்ஸில் எடுத்தால் மூக்குப் பெருத்து, காதுகள் பின்னுக்குப் போய்விடும். பிழை லென்ஸில் இல்லை, நாங்கள் நிற்கும் தூரத்தில்தான். ஏழெட்டு அடி தள்ளி நில்லுங்கள். அந்தத் தூரத்துக்கு முழுச்சட்டக் கமராவில் (பெரிய சென்சர் உள்ள ஃபுல் ஃபிரேம்) 85 மி.மீ. அருமை. சென்சர் சிறிதான ஏபிஎஸ்-சி கமரா என்றால் 50 மி.மீ. எஃப் 1.8 (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிது) போதும், முழுச்சட்டத்தில் 75, 80 மி.மீ. போலத்தான் தெரியும், காசும் மிச்சம்.

அதுவும் இல்லையா? சரி, கமராவோடு வரும் கிட் லென்ஸை 55 மி.மீ.இல் வைத்து, பின்னேரம் இரணைமடுக் குளக்கட்டுக்குக் கூட்டிப் போங்கள். வன்னி மத்தியான வெயிலில் எந்த லென்ஸும் கண்குழியில் விழும் நிழலை மறைக்காது.

லென்ஸை எஃப் 1.8 வரை முழுதாகத் திறந்தால், முகம் சற்றுத் திரும்பியிருக்கும்போது ஒரு கண் தெளிந்து மற்றது மங்கலாம். நான் எஃப் 2.8இல் வைத்து, கிட்ட உள்ள கண்ணில் ஃபோகஸ் பிடிப்பேன்.