ஈஆர்பி பழக ஒரு லோரி மிளகாய் போதும்

ஈஆர்பி, அதாவது கொள்முதல் முதல் கணக்குவரை ஒன்றாக ஓட்டும் வியாபார மென்பொருள், கற்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் மெனுவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கொள்முதல், ஸ்டோர், விற்பனை, கணக்கு, சம்பளம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்வார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பொத்தான்கள் தெரியும், வியாபாரத்துக்கு அவற்றால் என்ன பயன் என்பது தெரியாது. அதைவிட, ஒரே ஒரு சரக்கைப் பிடித்துக்கொண்டு அது ஆர்டராகி, வந்து, விற்று, காசாகத் திரும்பும்வரை கூடவே போய்ப் பாருங்கள். ஈஆர்பி செய்வது உண்மையில் ஒரே வேலை: நடந்ததை, நடந்த இடத்திலேயே, செய்தவரே ஒரு தடவை பதிகிறார், இருப்பு, கணக்கு, வரி எல்லாம் அந்த ஒரு பதிவிலிருந்து நகர்கின்றன.

பழகுவதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஈஆர்பிநெக்ஸ்ட் திறந்த மூல மென்பொருள், இலவசம். ஓடூவுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. கடையில் ஏற்கெனவே எஸ்கியூஎல் அக்கவுண்ட் அல்லது ஆட்டோகவுண்ட் கணக்கு மென்பொருள் இருந்தால், அதிலேயே ஒரு சோதனை நிறுவனத்தைத் திறந்துகொள்ளலாம். உண்மையான நிறுவனத்தின் கணக்கில் கைவைத்துப் பழகாதீர்கள்; அழித்தாலும் தடம் நிற்கும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் கடை இப்படி: மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் மளிகை மொத்த வியாபாரம், பெருநிலத்தில் பிறை என்ற ஊரில் ஸ்டோர், தீவிலும் பெருநிலத்திலும் உணவகங்கள் வாடிக்கையாளர்கள். விலைகள் கணக்குப் பழகுவதற்காகப் போட்டவை.

முதலில் பொருள் பட்டியல்

சலிப்பான வேலை, ஆனால் ஈஆர்பி கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரே சரக்கைக் கடைப்பையன் 'காய்ந்த மிளகாய்' என்றும், லோரி டிரைவர் 'சிலி கெரிங்' என்றும், கணக்குப்பிள்ளை 'டிரைட் சில்லி' என்றும் பதிந்தால் மூன்று குறியீடுகள், மூன்று இருப்புகள். ஒன்றில் மைனஸ் காட்டும், இன்னொன்றில் மலைபோல் குவிந்திருக்கும். ஒரு சரக்குக்கு ஒரே குறியீடு. மூன்று மொழிப் பெயர்களும் விளக்கத்தில் இருக்கட்டும். புதுக் குறியீடு திறக்கும் உரிமை ஒரே ஆளிடம் இருக்க வேண்டும்.

அடுத்தது அளவு. மிளகாயை மூட்டையில் வாங்குகிறோம், கிலோவில் இருப்பு வைக்கிறோம், பாக்கெட்டில் விற்கிறோம். 1 மூட்டை = 25 கிலோ என்ற மாற்று விகிதத்தை முதல் நாளே போட வேண்டும். அதை 1 என்று விட்டுவிட்டால், 260 வெள்ளி (ரிங்கிட்) மூட்டை கிலோ 260 வெள்ளி ஆகிவிடும். நியாயமான விலைக்கு விற்ற ஒவ்வொரு பில்லும் நஷ்டமாகத் தெரியும். சரியான கொள்முதல் விலை கிலோ 10.40. ஒரு சரக்கின் லாப விகிதம் திடீரென்று தலைகீழானால் விலையைச் சந்தேகிக்கும் முன் அளவைப் பாருங்கள்.

இனி லோரியைப் பின்தொடருங்கள்

கொள்முதல் ஆர்டர் போடுங்கள்: 200 மூட்டை, மூட்டை 260, மொத்தம் 52,000 வெள்ளி. ஆர்டரை உறுதி செய்தபின் கணக்கைத் திறந்து பாருங்கள். ஒன்றும் மாறியிருக்காது, மாறவும் கூடாது. ஆர்டர் என்பது வாக்குறுதி மட்டும்.

லோரி பிறைக்கு வருகிறது. எண்ணினால் 196 மூட்டை. ஸ்டோர்க்காரர் சரக்கு வரவுச் சீட்டில் 196 என்று பதிகிறார். இப்போது கணக்கைத் திறந்து பாருங்கள். சரக்கிருப்பில் 50,960 வெள்ளி ஏறியிருக்கும். எதிர்ப்பக்கத்தில் சப்ளையருக்குக் கடன் இன்னும் ஏறவில்லை. 'பில் வராத சரக்கு' என்ற இடைக்கணக்கில் அதே தொகை நிற்கும். ஈஆர்பியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. பத்து நிமிடம் நின்று பாருங்கள்: கணக்குப் பிரிவு ஒன்றும் தட்டவில்லை, ஸ்டோரில் ஒருவர் ஓர் எண்ணைப் பதிந்தார், பேரேடு நகர்ந்தது. (சில சிறு கணக்கு மென்பொருள்கள் பில் போடும்போதுதான் பேரேட்டைத் தொடும், உங்களுடையது எந்த வகை என்று இந்தச் சோதனையே காட்டிவிடும்.)

பிறகு சப்ளையரின் பில் வருகிறது, 200 மூட்டைக்கு. ஆர்டர், வரவு, பில் மூன்றையும் அமைப்பு ஒப்பிட்டு, 4 மூட்டை, 1,040 வெள்ளி வித்தியாசம் என்று நிறுத்துகிறது. இந்த மும்முனை ஒப்பீடு பல அமைப்புகளில் முதலில் அணைந்திருக்கும். தேடிப்பிடித்து இயக்க வேண்டும்.

இது இப்போது அவசரமான விஷயமும்கூட. பில்லை இணையம் வழியே வரி வாரியத்தில் உறுதி செய்யும், வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் திட்டம் 2024 ஆகஸ்ட் 1-இல், ஆண்டு விற்பனை 100 மில்லியன் வெள்ளியைத் தாண்டிய நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாகச் சிறியவற்றுக்கும் வந்துவிட்டது. வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் ஒரு பில் உறுதியானதும், வாங்கியவர் அதை நிராகரிக்கக் கேட்கவும் விற்றவர் ரத்து செய்யவும் 72 மணி நேரம்தான். அது தாண்டினால் சப்ளையர் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போட்டுத்தான் சரிசெய்ய முடியும். வெள்ளிக்கிழமை மாலை வந்த லோரியைத் திங்கட்கிழமை பதிந்துகொள்ளலாம் என்று ஸ்டோர் விட்டுவைத்தால், பில் வியாழனே உறுதியாகியிருந்தால் அந்த 72 மணி நேரம் ஞாயிறோடு போய்விடும். சரக்கு இறங்கிய அன்றே வரவுச் சீட்டு என்ற விதி ஸ்டோருக்குப் போட்டதுபோல் தெரிந்தாலும், காப்பாற்றுவது கணக்குப் பிரிவை.

லோரி வாடகையும் இறக்குகூலியும் 490 வெள்ளி. இதை அந்த மாதச் செலவில் தள்ளிவிடாமல் 4,900 கிலோவின் மேல் ஏற்றினால் கிலோவுக்கு 10 சென் கூடி 10.50 ஆகும். ஸ்டோரில் ஏற்கெனவே 9.32 விலையில் 1,000 கிலோ இருந்தது என்றால், சராசரி அடக்க விலை: 9,320 + 51,450 = 60,770; அதை 5,900-ஆல் வகுத்தால் கிலோ 10.30. காகிதத்தில் நீங்களே போட்டுப் பார்த்து, திரையில் அதே எண் வருகிறதா என்று சரிபாருங்கள். வரவில்லையென்றால் அடக்க முறை சராசரியில் இல்லை, அல்லது கூடுதல் செலவு சரக்கில் ஏறவில்லை.

பாக்கெட் போடும்போது

ஒரு மூட்டையிலிருந்து 500 கிராம் பாக்கெட் 50 வர வேண்டும். காம்பும் தூசியும் போனால் 49 வரலாம். செய்முறைப் பட்டியலில் 50 என்று எழுதி வைத்தால் மிளகாய் அடக்கம் பாக்கெட்டுக்கு 5.15, உண்மையில் 257.50 வெள்ளியை 49-ஆல் வகுத்தால் 5.26. பாக்கெட்டுக்கு 11 சென். சின்ன எண்தான், ஆனால் மாதம் முழுக்கப் போட்டால் இருப்பு எண்ணும்போது காணாமல்போன பாக்கெட்டுகளாகத் தெரியும், பழி ஸ்டோர்க்காரர் தலையில் விழும். சேதாரத்தைச் செய்முறையிலேயே எழுதுங்கள். பை, ஸ்டிக்கர், கூலி என்று 40 சென் சேர்த்தால் அடக்கம் 5.66.

பிறையிலிருந்து பாலம் தாண்டிக் கடைக்குப் போகும் சரக்குக்கு இரண்டு பதிவுகள்: அனுப்பியது, பெற்றது. கடையில் பெற்றதைப் பதியாமல் நேராக விற்கத் தொடங்கினால், சரக்கு அமைப்பில் பாலத்தின் நடுவிலேயே நிற்கும், கடை இருப்பு மைனஸுக்குப் போகும். "மைனஸ் இருப்பை அனுமதி" என்ற வசதியை இயக்கிவிட்டால் சத்தம் அடங்கிவிடும். கூடவே அடக்க விலையும் பொய்யாகிவிடும். அதை அணைத்தே வைத்திருங்கள்.

விற்பனை: ஓர் உணவகத்துக்கு 100 பாக்கெட், 6.80 வீதம், 30 நாள் கடன். டெலிவரி ஆர்டர் போட்டதும் இருப்பு குறையும். இன்வாய்ஸ் போட்டதும் வாடிக்கையாளர் கடன் 680 ஏறும். அடக்கம் 566, மொத்த லாபம் 114. அந்த உணவகத்தின் கடன் வரம்பை 500 என்று போட்டுவிட்டு அதே ஆர்டரை மறுபடி பதிந்து பாருங்கள். அமைப்பு தடுக்க வேண்டும். தடுத்ததை யார் திறக்கலாம் என்பது மென்பொருள் சொல்லும் விஷயமில்லை, முதலாளி முடிவு செய்வது. எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட் கொடுத்திருக்கும் கடையில் இந்தத் தடை இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதேபோல், புது சப்ளையரைப் பதிகிறவரே பணம் செலுத்தவும் ஒப்புதல் தரக் கூடாது.

கடைக்கு நேரில் வந்து வாங்கி, இ-இன்வாய்ஸ் கேட்காதவர்களின் விற்பனையை மாதம் முடிந்து 7 நாளுக்குள் ஒரே தொகுப்பாக அனுப்பலாம். ஒரே விற்பனை 10,000 வெள்ளியைத் தாண்டினால் தொகுப்பில் சேர்க்க முடியாது. தனி இ-இன்வாய்ஸ் வேண்டும். ஆகவே பெரிய பில் போடும்போதே வாங்குபவரின் வரி எண்ணைக் கேட்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளப் பகுதியைக் கடைசிக்குத் தள்ளலாம். இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), மாத வரிப் பிடித்தம் எல்லாம் தனி மென்பொருளிலேயே ஓடட்டும். மாதக் கடைசியில் ஒரே பேரேட்டுப் பதிவாகக் கொண்டுவந்தால் போதும்.

வேண்டுமென்றே தப்பு செய்து பாருங்கள்

சரியாக ஓடுவதை மட்டும் பழகினால் பாதிப் படிப்புதான். சோதனை நிறுவனத்தில் பாதிச் சரக்கு மட்டும் வந்ததாகப் பதியுங்கள். பூஞ்சை பிடித்த 3 மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள். போன மாதத் தேதியில் ஒரு பில் போடுங்கள். அமைப்பு அனுமதித்தால், மாதக் கணக்கைப் பூட்டும் வசதி அணைந்திருக்கிறது. ஒவ்வொரு தப்புக்கும் இருப்பு, கடன், லாபம் மூன்றும் எப்படி அசைகின்றன என்று எழுதி வையுங்கள். பின்னால் மென்பொருள் விற்பனையாளர்கள் டெமோ காட்ட வரும்போது இந்தத் தாளையே நீட்டி, "இதைச் செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். அழகான வரைபடங்களுக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

எப்போது மாறுவது

புது அமைப்புக்கு மாற நிதியாண்டு தொடக்கம் வசதி. ஆனால் பினாங்கில் ஜனவரி 1 எல்லோருக்கும் பொருந்தாது. தைப்பூசத்துக்குத் தேங்காயும் பூசைச் சாமானும் தள்ளுகிற கடை அந்த வாரங்களில் புது அமைப்பைத் தொடக்கூடக் கூடாது. தீபாவளிக்கு முந்தைய மூன்று மாதமும் அப்படியே. 1999-இல் அமெரிக்கச் சாக்லேட் நிறுவனம் ஹெர்ஷி, ஹாலோவீன் விற்பனைக்குச் சில மாதம் முன்பு, ஜூலையில் புது ஈஆர்பிக்கு மாறியது. சரக்கு கையிருப்பில் இருந்தும் சுமார் 100 மில்லியன் டாலர் ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாறும் நாளுக்கு முந்தைய இரவு இருப்பை எண்ணுங்கள்; எண்ணி முடிக்கும்வரை லோரி உள்ளே வரவும் கூடாது, வெளியே போகவும் கூடாது. வாடிக்கையாளர் கடனை ஒரே தொகையாக ஏற்றாமல் பில் பில்லாக ஏற்றுங்கள். இல்லாவிட்டால் 90 நாள் தாண்டிய பாக்கி எது என்று அமைப்பால் சொல்ல முடியாது. பழைய அமைப்பின் இருப்பாய்வும் (டிரையல் பேலன்ஸ்) புதியதும் சென் வரை ஒத்துப்போக வேண்டும். பழைய தரவைத் தூக்கி எறியாதீர்கள். வரிக் கணக்குப் பதிவுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

முதல் மாதம் முடிந்ததும் திறக்க வேண்டியது 'பில் வராத சரக்கு' கணக்கு. அதில் நிற்கும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு லோரி இருக்க வேண்டும். எந்த லோரி என்று யாராலும் சொல்ல முடியாத தொகை நின்றால், இரண்டாம் மாதப் பில்களைப் பதிய ஆரம்பிக்கும் முன் அதைத் தீர்த்துவிடுங்கள்.